சாலைக்கு எண் இல்லாத ஊரில் வேன் ஓட்ட வந்த தம்பிக்கு

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து போன மாதம் சிங்கப்பூர் வந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, கம்பெனியில வேன் ஓட்டச் சொல்றாங்க. ஊர்ல நெடுஞ்சாலைக்கு நம்பர் இருக்கும், அத வச்சே ஓட்டிடுவேன். இங்க எல்லாமே மூணு எழுத்தா இருக்கு, எப்படிப் பழகுறது? ஆசிய நெடுஞ்சாலை 2 சிங்கப்பூர் வழியா இந்தியாவுக்குப் போகுதாமே, வண்டியிலேயே ஊருக்குப் போயிடலாமா? ரூம் வாடகை எவ்வளவு ஆகும், பி.ஆர்., அதான் நிரந்தரவாசம், எப்ப போடலாம்?"

வாடகைக்கும் பி.ஆருக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் ஆட்கள் கூடும் தேக்காவில் போய் நில்லுங்கள், கேட்காமலேயே சொல்வார்கள். அதில் பாதி தப்பாக இருக்கும், அது வேறு விஷயம். நான் சாலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வேன் ஓட்டச் சொல்கிறார்கள் என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்ப் பலகை "நீ எந்தச் சாலையில் இருக்கிறாய்" என்று எண்ணைச் சொல்லும். இங்கே இருக்கும் பலகை "இந்தச் சாலை எங்கே போய் முடிகிறது" என்று சொல்லும். இங்கே ஒவ்வொரு விரைவுச்சாலையின் பெயரையும் மூன்று எழுத்தாகச் சுருக்கியிருப்பார்கள். பி.ஐ.இ என்ற மூன்று எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏறினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பக்கத்தில் கிழக்கே இருக்கும் சாங்கி என்று போட்டிருக்கிறதா, மேற்கே இருக்கும் துவாஸ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே சாலைதான், தீவின் மேற்குக் கோடிக்கும் கிழக்குக் கோடிக்கும் ஓடுகிறது, 40 கிலோமீட்டருக்கு மேல். தப்பான பக்கம் ஏறிவிட்டால் அடுத்த வெளிவாசல் வரும்வரை போய்த்தான் ஆகவேண்டும். விரைவுச்சாலையில் வண்டியைப் பின்னால் எடுப்பது, ஓரத்தில் நிறுத்தி யோசிப்பது எல்லாம் ஊரோடு விட்டுவிடுங்கள். அப்படிச் செய்து லைசென்ஸைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இங்கே இருப்பது மொத்தம் பத்து விரைவுச்சாலை. வடக்கு தெற்காக இன்னொன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பத்தின் இரண்டு முனைகளையும் ஒரு ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் செய்யுங்கள். இதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை, கைப்பேசி இருக்கிறது அண்ணே என்கிறார்கள். பி.கே.இ ஒரு பக்கம் பி.ஐ.இ, மறுபக்கம் உட்லண்ட்ஸ். எஸ்.எல்.இ, பி.கே.இயில் தொடங்கி சி.டி.இ வரை. டி.பி.இ அங்கிருந்து சாங்கிப் பக்கம் பி.ஐ.இ வரை. இதில் ஒரு சூட்சுமம் பாருங்கள். எஸ்.எல்.இயில் நேராகப் போய்க்கொண்டே இருந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பாமலேயே டி.பி.இயில் இருப்பீர்கள். சாலை அதேதான், பெயர் மட்டும் மாறிவிடும். தெற்கே கே.பி.இயும் அப்படித்தான் எம்.சி.இ ஆகி, எம்.சி.இ அப்படியே ஏ.ஒய்.இ ஆகிவிடும். புதிதாக வந்தவர்கள் "நான் திரும்பவே இல்லையே, எப்படி ஏ.ஒய்.இக்கு வந்தேன்" என்று திகைப்பது இங்கேதான்.

அந்தக் கே.பி.இ கிட்டத்தட்ட 9 கிலோமீட்டருக்குச் சுரங்கம். உள்ளேயே வெளிவாசல்கள் பிரியும். மேலே வானம் இல்லாத இடத்தில் கைப்பேசி வழிகாட்டி தடுமாறும், "இடப்பக்கம் திரும்பு" என்று அது சொல்லி முடிப்பதற்குள் வாசல் போய்விட்டிருக்கும். சுரங்கத்துக்குள் நுழைவதற்கு முன்பே உங்கள் வெளிவாசல் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். வெளிவாசல்களுக்கு எண் உண்டு, சில இடங்களில் அதே எண்ணுக்கு ஏ, பி என்று எழுத்தும் சேரும். எண் சரியாக இருந்து எழுத்து தப்பினால் எதிர்த்திசையில் இறங்குவீர்கள்.

வேன் என்பதால் இன்னொன்று. பலகையில் 90 என்று போட்டிருந்தால் அது கார்களுக்கு. சின்ன சரக்கு வேனுக்கு விரைவுச்சாலையில் 70தான். உங்கள் வண்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் 70 என்ற வில்லை அலங்காரத்துக்கு ஒட்டியது இல்லை. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். அபராதம் கட்டப்போவது அவன் இல்லை.

நான் வந்தது 1998. அப்போது கே.பி.இயும் கிடையாது, எம்.சி.இயும் கிடையாது. சாலைக்கு மேலே வளைவு கட்டி மின்னியல் கட்டணம் பிடிக்கத் தொடங்கிய வருஷம் அது. துவாஸில் மலேசியாவுக்கு இரண்டாவது பாலம் திறந்ததும் அந்த வருஷம்தான். நான் வேனில் உதவியாள். குளிர்சாதனச் சாமான்களை ஏற்றி இறக்குவது, மற்ற நேரம் முன் சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வது. வழி சொல்வது என்றால், மடியில் ஒரு தடித்த சாலை வரைபடப் புத்தகம். சாலைப் பெயரைப் பின்பக்க அட்டவணையில் தேடி, பக்க எண்ணையும் கட்டத்தையும் பிடித்து, ஓடுகிற வண்டியில் விரலை நகர்த்திக்கொண்டே "அண்ணே அடுத்தது லெஃப்ட்" என்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் என் கண்ணே கெட்டுவிடும் போலிருந்தது. ஆனால் அந்தப் புத்தகத்தைப் படித்த அளவுக்கு நான் பத்தாம் வகுப்பில்கூட எதையும் படித்ததில்லை. இன்றைக்கும் எந்தப் பேட்டையைச் சொன்னாலும் கண்ணுக்குள் அந்தப் பக்கம் விரியும்.

ஓட்டுநர் ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர். ஒரு நாள் துவாஸில் ஒரு தொழிற்சாலைக்குச் சரக்கு. அவர் ஏ.ஒய்.இயில் துவாஸ் என்ற பலகையைப் பார்த்தார், அதையே பிடித்துக்கொண்டு போனார். நான் "அண்ணே, புத்தகத்துல நமக்கு முன்னாடியே இறங்கணும்னு இருக்கு" என்றேன். "பலகையில துவாஸ்னுதான போட்டிருக்கான், சும்மா இரு" என்றார். சாலை நேராகச் சோதனைச்சாவடியில் போய் முடிந்தது. அந்தப் பக்கம் மலேசியா. எங்கள் இருவரின் பாஸ்போர்ட்டும் கம்பெனி அலமாரியில். அப்போதெல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அது சட்டப்படி தப்பு என்பதே எங்களுக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. தம்பி, உங்கள் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அதிகாரிகள் விசாரித்தார்கள், வேலை அனுமதி அட்டையைப் பார்த்தார்கள், திருப்பி அனுப்பினார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். கம்பெனிதான் சரக்கு தாமதமானதற்கு இரண்டு பேர் சம்பளத்திலும் பிடித்துக்கொண்டது. வழி சொன்ன எனக்கும் அதே அளவு! அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். மேற்கே துவாஸும் வடக்கே உட்லண்ட்ஸும் ஊர்ப் பெயர்கள்தான், ஆனால் அந்தச் சாலைகள் ஊரோடு நிற்பதில்லை, எல்லையில் போய் நிற்கும். சாவடி என்று பலகை சொல்லத் தொடங்கும்போதே இடப்பக்கத் தடத்துக்கு வந்துவிடுங்கள்.

விரைவுச்சாலையை விட்டு இறங்கிவிட்டால் எண்கள் வந்துவிடும், கவலை வேண்டாம். சொல்லப்போனால் அளவுக்கு மேல் வரும். அங் மோ கியோவில் அவென்யூ 3 இருக்கிறது, ஸ்திரீட் 31ம் இருக்கிறது. ஜூரோங் வெஸ்டிலும் அவென்யூ ஒரு வரிசை, ஸ்திரீட் இன்னொரு வரிசை. டெலிவரிச் சீட்டில் சுருக்கி எழுதியிருந்தால் எது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கேலாங்கில் லோரோங் என்ற சந்துகள் இருக்கின்றன, ஒற்றைப்படை எண்கள் சாலைக்கு ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். இதைத் தெரிந்துவைத்தால் பாதி வேலை முடிந்தது. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் புளோக் எண்தான் ராஜா. 1995ல் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு கொண்டுவந்தார்கள், கட்டடத்துக்கு ஒன்று. வீவக புளோக் என்றால் பெரும்பாலும் கடைசி மூன்று இலக்கம் புளோக் எண்ணாகவே இருக்கும். ஆறு இலக்கத்தைக் கைப்பேசியில் தட்டினால் வாசலில் கொண்டுபோய் விடும். எங்கள் காலத்தில் தட்டிப் பார்க்க கைப்பேசி இல்லை, அந்தப் புத்தகம்தான். இப்போது வருகிற பிள்ளைகளுக்கு எல்லாம் சுலபம், அதனாலேயே ஒன்றும் மனசில் நிற்பதில்லை. சரி, இது கிழவன் புலம்பல், விடுங்கள்.

விளக்குக் கம்பத்துக்கும் எண் இருக்கிறது. வண்டி நின்றுபோனால் முதலில் அதைப் பாருங்கள். "பொங்கோல் தாண்டி எங்கேயோ நிற்கிறேன்" என்று போனில் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். டி.பி.இ, எந்தப் பக்கம் நோக்கி, கம்பத்தில் என்ன எழுதியிருக்கிறது, இந்த மூன்றும் போதும்.

இப்போது மலேசியா. ஆறு மாதத்தில் யாராவது நண்பர் கார் எடுத்து உங்களைக் கூப்பிடுவார், நீங்களும் ஓட்ட ஆசைப்படுவீர்கள். பாலத்தைத் தாண்டியதும் உலகமே வேறு. அங்கே எண் உண்டு, நிறமும் உண்டு. பச்சைப் பலகை என்றால் கட்டண விரைவுச்சாலை, நீலம் என்றால் சாதாரணச் சாலை. உட்லண்ட்ஸ் வழியாகப் போனால் கோலாலம்பூருக்கு இ2 என்ற கட்டண விரைவுச்சாலையைப் பிடிக்க வேண்டும், துவாஸ் பாலம் வழியாகப் போனால் இ3ல் ஏறி இ2வில் சேரலாம். இ2வின் வெளிவாசல் எண்கள் எல்லாம் 2ல் தொடங்கும். மலாக்காவுக்கு இறங்கும் ஆயர் கெரோ 231. எண்ணைப் பார்த்தாலே எந்தச் சாலையில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். இந்தப் புத்தி எனக்கு மிகவும் பிடிக்கும். காசு கட்டப் பிடிக்காதவர்களுக்குப் பழைய கூட்டரசு சாலைகள் இருக்கின்றன. 1 நடுவே வடக்கு நோக்கி, 3 கிழக்குக் கரையோரம் கோத்தா பாரு பக்கம், 5 மேற்குக் கரையோரம். மாநிலச் சாலை என்றால் எண்ணுக்கு முன்னால் வண்டி நம்பர் பிளேட்டில் வருகிற அதே எழுத்து, ஜொகூருக்கு ஜே, பேராக்குக்கு ஏ. 5ல் போனால் மூவாரில் நிறுத்தி, மீன் விழுதை இலையில் வைத்துச் சுட்ட ஒத்தாக் ஒத்தாக் சாப்பிடலாம், இ2வில் போனால் அந்த யோகம் இல்லை.

பலகையில் மலாய் மட்டுமே இருக்கும் இடங்களுக்கு நாலு சொல் போதும். உத்தாரா வடக்கு, செலாத்தான் தெற்கு, கெலுவார் வெளியே போகும் வழி, அவாஸ் என்றால் ஜாக்கிரதை. வீட்டுக்குத் திரும்பும்போது செலாத்தான். அங்கே 110 வரை போகலாம், திரும்பி இந்தப் பக்கம் வந்ததும் கால் தானாக அழுத்தும், கவனம். சிங்கப்பூர் எண் உள்ள பெட்ரோல் காரில் முக்கால் டேங்க் இல்லாமல் எல்லைக்குப் போகாதீர்கள், இந்தப் பக்கத்து அதிகாரிகளே திருப்பி அனுப்புவார்கள், அபராதமும் உண்டு. மலேசிய வாகன நுழைவு அனுமதிக்குப் பதிவு செய்யாத வெளிநாட்டு வண்டிக்கு 2025 ஜூலையிலிருந்து 300 ரிங்கிட் அபராதம். நண்பர் "அதெல்லாம் பார்க்கமாட்டான்" என்பார். அப்படிச் சொல்கிறவர் காரில் ஏறாதீர்கள்.

ஆசிய நெடுஞ்சாலைக்கு வருவோம். ஆமாம், 2ஆம் எண் இந்தோனேசியாவின் டென்பசாரில் தொடங்கி சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, மியன்மார், பங்களாதேஷ், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் என்று ஈரான் வரை காகிதத்தில் ஓடுகிறது. ஆனால் அதற்கென்று யாரும் புதிதாக ஒரு சாலை போடவில்லை. 2003ல் பாங்காக்கில் நாடுகள் ஒப்பந்தம் செய்து, ஏற்கெனவே இருந்த சாலைகளுக்கு மேல் ஒரு பொது எண்ணை ஒட்டினார்கள். சிங்கப்பூரில் அந்த எண்ணை ஒரு பலகையில்கூட நான் பார்த்ததில்லை. மலேசியாவில் ஒரு ஓரமாகச் சின்னதாக இருக்கும். தாய்லாந்தில் அவர்கள் கணக்கே தனி. முதல் இலக்கம் திசை, 1 வடக்கு, 2 வடகிழக்கு, 3 நடுவும் கிழக்கும், 4 தெற்கு. மலேசிய எல்லையை ஒட்டிய சடாவிலிருந்து பாங்காக் போகிறவன் 4ஐத்தான் தேடுவான். அப்புறம் மியன்மார். அங்கே நிலைமை என்ன என்று செய்தியில் பார்க்கிறீர்கள் அல்லவா? பலகையில் எண் இருப்பதால் எல்லையில் கதவு திறக்காது. வண்டிக்கென்று தனி ஆவணம், ஒவ்வொரு நாட்டுக்கும் அனுமதி, காப்பீடு என்று கோப்பு ஒரு கை கனம் வரும். அதோடு 2 தமிழ்நாட்டுப் பக்கமே வருவதில்லை, வடகிழக்கில் நுழைந்து டெல்லி வழியாகப் போய்விடுகிறது. நம் மண்ணைத் தொடுவது 43, ஆக்ராவில் தொடங்கி மதுரை வழியாகத் தனுஷ்கோடி. அங்கே கடல். அந்தப் பக்கம் தலைமன்னாரிலிருந்து அதே எண் மறுபடி தொடங்கி மாத்தறை வரை போகிறது. நடுவில் பாலம் கிடையாது. எண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. நீங்கள் பேசாமல் திருச்சி விமானத்தில் போங்கள்.

எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். சாலை எண் பேச்சு எடுத்தால் அவனை நிறுத்த முடியாது. அமெரிக்காவில் ஒற்றைப்படை வடக்கு தெற்கு, மேற்குக் கரையில் 5, அவன் இருக்கும் கிழக்குக் கரையில் 95, இரட்டைப்படை கிழக்கு மேற்கு, தெற்கே 10, வடக்கே 90, எவ்வளவு ஒழுங்கு பார் என்பான். அதே நாட்டில் 1926ல் போட்ட பழைய சாலைக் கணக்கு நேர் தலைகீழாகக் கிழக்கிலிருந்து எண்ணுகிறதே என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். பாரிசில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் இன்னும் ஒரு படி மேல். ஐரோப்பாவில் 1975ல் செய்த ஒப்பந்தப்படி வடக்கு தெற்கு ஒற்றைப்படை, பெரிய சாலைகள் 5ல் முடியும். ஒரே 15ஆம் எண்ணைப் பிடித்து பாரிசிலிருந்து பார்சிலோனா தாண்டி ஸ்பெயினின் தென்முனை அருகே அல்ஹெசிராஸ் வரை போகலாம் என்று பெருமைப்படுவார். உண்மைதான். அதே 15 காகிதத்தில் ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது, பிரிட்டன்காரர்கள் மட்டும் அதை எந்தப் பலகையிலும் எழுத மறுத்துவிட்டார்கள். ஒவ்வொருத்தனும் தான் குடியேறிய நாட்டுப் பலகைதான் உலகத்திலேயே சிறந்தது என்கிறான். நானும் கொஞ்சம் அப்படித்தான் போலிருக்கிறது.

எனக்கு ஆகாத ஒரே கூட்டம், வந்து இரண்டு வருஷத்தில் "இந்தியாவில் பலகையே கிடையாது" என்று பேசுகிறவர்கள். மைல்கல்லின் தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. எழுதப் படிக்கத் தெரியாத லாரிக்காரருக்கும் தெரியும் ஏற்பாடு அது. 2010ல் எண்களை மாற்றினார்கள், இரட்டைப்படை வடக்கு தெற்கு, கிழக்கிலிருந்து மேற்காகக் கூடும், ஒற்றைப்படை கிழக்கு மேற்கு, வடக்கிலிருந்து தெற்காகக் கூடும். கன்னியாகுமரி போகிற 7 காஷ்மீரிலிருந்தே வருகிற 44 ஆனது. உங்கள் பக்கம் தஞ்சாவூர், நாகப்பட்டினம் சாலை 67ஆக இருந்தது, இப்போது 83. உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், இன்னும் 67 என்றுதான் சொல்வார். நானும் போன பொங்கலுக்குப் போயிருந்தபோது 67 என்றேன், வாடகைக் கார் ஓட்டிய பையன் "அது எங்க சார் இருக்கு" என்று கேட்டான்.

லைசென்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஊர் லைசென்ஸை வைத்து இங்கே அதிகபட்சம் 12 மாதம். வேலைக்கென்றே ஓட்டுகிறவருக்கு விதி அதைவிடக் கடுமை. போக்குவரத்துப் போலீசின் இணையப் பக்கத்தில் உங்கள் அனுமதி வகைக்கு என்ன என்று நீங்களே பாருங்கள், கம்பெனி சொல்வதை நம்பாதீர்கள். அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு எழுதித்தான் மாற்ற வேண்டும். புத்தகம் கிட்டத்தட்ட முழுக்கப் பலகைப் படம்தான், பயப்படாதீர்கள். தேர்வுக்கு இடம் கிடைக்க நாளாகும், இந்த வாரமே பதிவு செய்யுங்கள். அதுவரைக்கும் வேன் சாவியை யார் நீட்டினாலும், டவ்கே, அதாவது முதலாளியே நீட்டினாலும், காப்பீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.